வேனக்காவும் ‘அட்ஜஸ்ட்’டும்

பள்ளிக்கூட வேன் ஓட்டியதால் அவளுக்கு வேனக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. முன்கோபக்காரி என்று எங்கள் தெருவில் பேச்சு. உண்மையில் கோபத்தையெல்லாம் பல வருடம் மென்று விழுங்கியவள் அவள்.

நாத்தனார் பெட்டி படுக்கையோடு வந்து வீட்டிலிருந்த ஒரே அறையைப் பிடித்துக்கொண்டபோது, அடுப்படியில் படுத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னான் கணவன். வேனில் சீட் நிறைந்த பிறகும் இன்னொரு பிள்ளையைத் திணித்துவிட்டு, மடியில் வைத்து அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லி டாட்டா காட்டினார்கள் பெற்றோர்கள். வேன் முதலாளியின் மச்சான் ஒருநாள் அவள் தோளில் கையை வைத்து, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போனால் நல்லது என்று இழுத்தான். அவள் தட்டிவிட்ட வேகத்தில் அவன் கைக்கடிகாரம் கழன்று விழுந்தது.

அந்த வார்த்தையை நேர்மையாகச் சொன்னவர் மெக்கானிக் ஒருவர்தான். பிரேக்கை அட்ஜஸ்ட் செய்துவிட்டு, இதற்கு மேல் முடுக்க இடமில்லை, எல்லாம் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றார். முதலாளியிடம் போய்ச் சொன்னாள். பள்ளி லீவு வரட்டும், அதுவரை அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டு என்றார் அவர். ஓட்டினாள்.

மழை விட்ட ஒரு காலையில், பள்ளிக்கு இறங்கும் சாலையில் பிரேக்கை மிதித்தாள். மிதி அடிவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் வேனை ஏற்றினாள். இன்னொருத்தி மடியில் உட்கார்ந்திருந்த சிறுமிக்குக் கம்பியில் மோதி உதடு கிழிந்தது. மற்ற பிள்ளைகளுக்குப் பயத்தோடு போயிற்று.

அலறியடித்து வந்த முதலாளி அவளைத் தனியே கூப்பிட்டார்.

“நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடும்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு. உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

அவள் அதற்குள் ஓடிவந்து கூடியிருந்த பெற்றோர்களை நோக்கி நடந்தாள்.

“நாயும் வரல, பேயும் வரல. பிரேக் போயிடுச்சு. மாத்துங்கன்னு இவர்கிட்ட சொன்னேன், மாத்தல. தெரிஞ்சே ஓட்டினேன், அது என் தப்பு. இடமில்லன்னு சொல்லியும் பிள்ளைய ஏத்தி விட்டீங்களே, அது யார் தப்பு?”

பொம்பளைக்கு இத்தனை வாய் ஆகாது என்றார் ஒரு தகப்பன். சிறுமியின் வாயைத் துணியால் அழுத்திக்கொண்டிருந்த அம்மா, அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். முதலாளி கெஞ்சினார், பிறகு மிரட்டினார். வேன் சாவியை வேனக்கா அவரிடம் தரவில்லை. போலீஸ் வந்ததும் அவர்கள் கையில் கொடுத்தாள்.

வழக்கு இருவர் மேலும் விழுந்தது. அவளுக்கு வேலையும் போயிற்று. ஊரார் பிள்ளைகளுக்காக வீட்டைக் கெடுத்தாள் என்று கணவன் கத்தினான். அன்றைக்கே அவள் தன் படுக்கையை அறைக்குள் கொண்டுவந்து விரித்தாள். நாத்தனார் சுவரோரம் நகர்ந்துகொண்டாள்.

இப்போது மார்க்கெட்டில் காய்கறி லோடு வண்டி ஓட்டுகிறாள். சிறுமியின் உதட்டில் தையல் தழும்பு நின்றுவிட்டது. அவளைத் தெருவில் பார்க்கும் நாட்களில் வேனக்கா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யார் மேல் கோபம் என்று ஒருமுறை கேட்டேன்.

“எல்லார் மேலயும்தான். என் மேலயும்.”