ஹெல்ப்பர் கையில் குழந்தை

என்னைப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் தேர்வுக்குப் போகவிடாமல் தடுத்தது நீங்கள்தான், மேனேஜர் சார்.

கல்ஃபில் ஒரு மாலுக்குள் இருக்கும் செயற்கைப் பனிச்சரிவில் எனக்கு வேலை. வாடகை பூட்ஸ் எடுத்துக் கொடுப்பேன், திரும்பி வரும் ஈர பூட்ஸைத் துடைத்துக் காயவைப்பேன். காலையில் ஆட்கள் வரும் முன் விழுந்து விழுந்து நானே சறுக்கப் பழகினேன். அதைப் பார்த்த பிறகு, எந்தத் தமிழ்க் குழந்தை அழுதாலும் என்னைத்தான் அனுப்பினீர்கள். "பீட்சா துண்டு மாதிரி முன்னாடி குவிச்சு, பின்னாடி அகட்டிக் காலை வைடா செல்லம், சறுக்காம நின்னுடும்" என்பேன். அழுகை நிற்கும்.

"அடுத்த தேர்வுக்கு நீதான் தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

தேர்வு நடத்துபவர் வந்த அன்று வரிசையில் நின்றேன். எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து வெளியே இழுத்தீர்கள்.

"உன் விசாவுல ஹெல்ப்பர்னு இருக்கு. ஹெல்ப்பர் சொல்லிக் கொடுத்தா இன்சூரன்ஸ் கிடையாது. கலாஸ், முடிஞ்சுது, கவுண்டருக்குப் போ."

"விசாவை மாத்தித் தாங்க சார்."

"முதலாளி அரபிகிட்ட அதை யாரு கேக்கறது, நீயா?"

அன்று மத்தியானமே ஒரு சிறுமி சரிவின் நடுவில் உட்கார்ந்து அழுதாள். "நீ போப்பா, உனக்குத்தான் அடங்குவா" என்றீர்கள். போனேன். தேர்வு இனி எனக்கு இல்லை என்று தெரிந்தும் இன்றும் போகிறேன். அழும் குழந்தை என்ன பாவம் செய்தது?

ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். என் காதில் வேண்டாம். பெற்றோர் டிக்கெட்டுக்கு நிற்கும்போது மைக்கில் சொல்லுங்கள். நான் பிடித்திருக்கும் குழந்தை விழுந்து கால் ஒடிந்தால் இன்சூரன்ஸ் உண்டா, இல்லையா?