கேக் உப்பியதால் வந்த வினை

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்களுக்கெல்லாம் ஒரு பித்துப் பிடித்தது. பாட்டு, தையல், இந்தி எல்லாம் போதாதென்று கேக் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் முட்டை போடாத கேக். தி. நகரில் ஒரு மாமி தன் வீட்டுக் கூடத்திலேயே மத்தியான வகுப்பு நடத்தினாள். அவள் மைதா சலிப்பதை நாங்கள் சுற்றி நின்று ஏதோ ஹோமம் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

அங்கே செய்த கேக் ஒவ்வொன்றும் செங்கல். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆஹா ஓஹோ என்றார்கள். கடித்தால் பல் வலிக்கும். ஆனாலும் ஆசாரம் கெடவில்லையே என்ற திருப்தியில் விழுங்கினார்கள்.

எதைச் செய்தாலும் வாயில் வைக்கிற மாதிரி செய்யவேண்டும் என்கிற கொழுப்பு எனக்கு உண்டு. அப்பா வாங்கித் தந்த வட்ட அலுமினிய ஓவனில் பலமுறை கெடுத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். தயிரில் ஆப்பசோடாவைப் போட்டால் நுரைத்துக்கொண்டு வரும். அந்த நுரை அடங்குவதற்குள் மாவில் கலந்து, உடனே ஓவனில் வைத்து, மூடியைத் தொடாமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான் வித்தை.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளை பம்பாயில் வேலையாக இருந்தான். பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் அவனுக்குப் பழசு, கேக் என்றால் உயிர் என்று தரகர் சொல்லியிருந்தார். இந்த வரன் எப்படியாவது படியவேண்டும் என்று அப்பா துடித்தார். எனக்கும் ஆசைதான். போட்டோவில் பிடித்திருந்தது, பம்பாயும் பிடித்திருந்தது.

கேக் அன்று அப்படி உப்பியது. விரலால் அழுத்தினால் எழும்பி வந்தது. பிள்ளை இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் அம்மா ஒரு விள்ளலைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"முட்டை போடாம இவ்வளவு மெத்துனு வருமோ?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் முன்னால் வந்தாள். "எம்பொண்ணு அதையெல்லாம் கையால தொடமாட்டா, மாமி." அவளுக்கு இவ்வளவு தைரியம் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. பெருமையாக இருந்தது.

மாமிக்குச் சமாதானமாகவில்லை. ராயப்பேட்டை மார்க்கெட் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, இந்தக் காலத்துப் பெண்கள் எதை எங்கே வாங்கி வருகிறார்கள் என்று யார் கண்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். பிறகு தரகர் மூலம் சேதி வந்தது. மாமியின் கண்ணெதிரே பெண் இன்னொரு தடவை செய்துகாட்ட வேண்டுமாம். தரகர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாள். எங்கள் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். தயிரில் சோடா போட்டேன், கலந்தேன், தட்டில் ஊற்றி ஓவனுக்குத் தூக்கினேன். அப்போது மாமி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை. ராகு காலம் ஆரம்பித்துவிட்டது, சம்பந்தம் பேசுகிற இடத்தில் இப்போது போய் அடுப்பில் எதையும் ஏற்றக்கூடாது என்றாள். அப்பா ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். மாவு காத்திருக்காது என்று சொன்னேன். மாவுக்கு என்ன வாய் இருக்கிறதா என்று என்னை அடக்கினார்.

ஆறு மணிவரை மாவு அப்படியே கிடந்தது. நுரை ஒவ்வொன்றாக உடைந்து சப்பென்று ஆனது. நடுவில் மாமிக்குக் காபி போட்டுக் கொடுத்தோம். அதே சமையலறை, அதே நேரம். காபிக்கு ராகு காலம் கிடையாது போலிருக்கிறது.

ஆறு மணிக்கு மேல் ஓவனில் வைத்த பிறகும் மூடியைத் திறக்கச் சொல்லித் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் வெளியே வந்தது அடை மாதிரி தட்டையாக இருந்தது. கத்தி இறங்கவில்லை. அப்பா அரிவாள்மணையைக் கொண்டுவந்தார். மாமி ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது.

"இதுன்னா நம்மாத்துக் கேக்" என்றாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, மேற்கொண்டு பேசலாம் என்றும் சொன்னாள்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா சந்தோஷம் தாங்காமல் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அன்னிக்கே நிச்சயம் பண்ணிண்டுட்டேன், மாமி. நீங்க அந்தண்டை போனதும் குப்பைக் கூடையைக் கொட்டிக் கிளறிப் பாத்தேன். கொல்லையிலயும் போய்த் தேடினேன். ஒரு முட்டை ஓடு இல்லை."

நான் தட்டும் கையுமாக நின்றிருந்தேன். தட்டை மேடைமேல் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அவர்கள் போனதும் இந்த இடம் வேண்டாம் என்றேன். அப்பா கத்தினார், கெஞ்சினார், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மாமி அவமானப்படுத்திவிட்டாள் என்பதால்தான் வேண்டாமென்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். தன் பெண்ணுக்கு ரோஷம் ஜாஸ்தி என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

அந்த மாமி சந்தேகப்பட்டதில் எனக்கு ஒன்றுமில்லை. அவள் என்னை அன்றைக்குத்தான் பார்த்தாள்.