நாலாவது பாஸ்வேர்டு

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்துகிற முற்றுப்புள்ளி அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம். மருந்துப் புட்டி லேபிளோ பள்ளிக்கூட வினாத்தாளோ, எதுவானாலும் அவள் படித்து, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாத தாளை மெஷின்காரர் கையால் தொட மாட்டார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அவளுக்கு ஐம்பத்தேழு வயது, வலது முழங்காலில் வலி, வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம், ஒரே மகள். அக்கா லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

நான் அவளுக்குப் பக்கத்து மேஜையில் பக்கம் அமைக்கிறவள். எனக்கு மூக்கு மேல் கோபம் என்பார்கள். பொய்யில்லை. மனதில் பட்டதை அடுத்த நிமிஷம் கொட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தை ஒரு வருஷம் வாய்க்குள் வைத்திருந்தேன் என்றால் என் வீட்டிலேயே யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரால் வந்த வினை. அச்சகத்துக்கு அது ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று முதலாளி அதன் பாஸ்வேர்டை மாற்றினார். மறுநாள் காலை புது பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தால், திரையின் நடுவில் சின்னதாக ஒரு பெட்டி வந்து இன்னொரு தடவை பாஸ்வேர்டு கேட்டது. போட்டார். அது போய் இன்னொரு பெட்டி வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நகருங்கள் என்று சொல்லி என் மெயில் பாஸ்வேர்டைத் தட்டினேன். மூன்றாவது பெட்டி வந்தது. மெஷின்காரர் கை மையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருடையதைப் போட்டார். நாலாவதும் வந்து நின்றது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரும் பார்க்காதபடி ஒரு கையால் மறைத்துக்கொண்டு, ஒரு விரலால் தன்னுடையதைத் தட்டினாள். பெட்டி மறைந்து திரை திறந்தது.

நாலு பேர் வேலை செய்கிற இடம், அதனால் நாலு பேரையும் கேட்கிறது என்று முதலாளி தீர்ப்பு சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். நாலு பேருக்கும் சேர்த்து அவ்வளவுதான் மூளை.

அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு அதன் முன்னால் வரிசையில் நிற்போம். முதலாளி, நான், மெஷின்காரர், கடைசியில் அக்கா. ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பதில் முதலாளி கறார். பக்கத்துக் கடை ஒன்று மின்கசிவில் எரிந்துபோனதிலிருந்து சாயங்காலமானால் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார், அதனால் கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் போகவும் வழியில்லை. ஒரு தடவை காய்ச்சலில் கிடந்த மெஷின்காரரைப் போர்வையோடு காரில் அழைத்துவந்து, தட்டச் சொல்லி, அதே காரில் திருப்பி அனுப்பினோம். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்களே என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் ஒரு நாள் அவசர வேலைக்காக ஏழு மணிக்கே வந்துவிட்டேன். யாரும் இல்லை. தினமும் பின்னால் நின்று பார்த்ததில் முதலாளி முதலில் போடுகிற பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம். அதைப் போட்டுவிட்டு, ஒன்பது வரை உட்கார்ந்திருக்க வேண்டுமே என்ற எரிச்சலில் கை போன போக்கில் நாலு பெட்டியிலும் எதையோ அடித்தேன். திரை திறந்துகொண்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இந்தத் தடவை வேறு எதையோ அடித்தேன். அப்போதும் திறந்தது. எதைப் போட்டாலும், நாலு தடவை கேட்டு அலுத்துப்போய் அதுவே விட்டுவிடுகிறது! முதலாளிக்குப் போன் போட்டு, ஒரு வருஷமாக நம்மை முட்டாளாக்கிய கதையைக் கத்திச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

அப்போது அக்காவை நினைத்தேன். அந்தச் சமயம் அவளுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. பிழையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துவிட்டது என்று சொல்லி வாடிக்கையாளர்கள் தாங்களே தயார் செய்து அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். இனிமேல் லேபிள் வேலைக்கு மட்டும்தான் திருத்த ஆள் வேண்டும் என்று முதலாளி அவள் காதுபடவே சொல்லியிருந்தார். பாதி நாள் சும்மா உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருப்பாள். காலையில் வரிசையின் கடைசியில் நிற்கிற அந்த இரண்டு நிமிஷம்தான் அவள் நிமிர்ந்து நிற்பாள். "நம்ம கை பட்டாத்தான் தொறக்குது, பாரேன்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் போனை வைத்துவிட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து, ஒன்பது மணிக்கு ஒன்றும் தெரியாத மாதிரி வரிசையில் நின்றேன்.

நல்ல காரியம் செய்தோம் என்றுதான் இருந்தேன், அக்காவின் மகள் உண்டாகும் வரைக்கும்.

மகள் இருப்பது பத்து மணி நேரப் பயணத்தில். மருமகனுக்குக் கப்பலில் வேலை. ஆறு மாசம் வரமாட்டார். பிரசவத்துக்கு ஒரு மாசம் வந்து இரும்மா என்று மகள் தினமும் போனில் கெஞ்சினாள். ஒரு நாள் அக்கா அவளிடம், "லீவு நாளாப் பாத்து ரெண்டு நாள் வந்துட்டுப் போறேம்மா. நான் இல்லன்னா இங்க கம்ப்யூட்டரே தொறக்காது" என்றதைக் கேட்டேன். எனக்குச் சுருக்கென்றது. நான் மூடி வைத்த வாய்தான் இவள் காலைக் கட்டிப்போட்டிருக்கிறது.

முதலாளி கறாரெல்லாம் இருக்கட்டும், பாஸ்வேர்டை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அக்கா பேனா மூடியைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அதையும் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு இங்க?" என்றாள்.

அதற்கு மேல் தாங்கவில்லை. முதலாளியிடம் போய், கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூப்பிடாவிட்டால் நாளையிலிருந்து வரிசையில் நிற்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன்.

மறுநாள் காலை ரிப்பேர்காரர் வந்தார். நரைத்த மீசை, அதிகம் பேசாத மனிதர். வழக்கம்போல் போட்டுக் காட்டுங்கள் என்றார். வரிசையில் நின்றோம். முதலாளி முதல் பாஸ்வேர்டைப் போட்டதும் அவரைக் கையமர்த்திவிட்டு, வந்த நாலு பெட்டியிலும் ஒன்றுமே தட்டாமல் 'ரத்து' என்பதை மட்டும் அமுக்கினார். திரை திறந்தது. அக்கா கையில் கண்ணாடியோடு கடைசியில் நின்றிருந்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

அவர் பொறுமையாகச் சொன்னார். இந்தக் கம்ப்யூட்டருக்குள் மெயில், காகிதக் கம்பெனி கணக்கு என்று எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் ஒரு பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கிறது. முதலாளி வாசல் பூட்டை மாற்றினாரே தவிர, பெட்டகத்துப் பூட்டு பழையபடியே இருக்கிறது. காலையில் தானாகக் கிளம்பும் நாலு புரோகிராம்களும் ஆளுக்கொரு தரம் வந்து அந்தச் சாவியைக் கேட்கின்றன. கிடைக்காவிட்டால் பேசாமல் போய்விடுகின்றன. பழைய பாஸ்வேர்டைச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். இல்லாவிட்டால் பெட்டகத்தையே அழிக்க வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

முதலாளி தலையைச் சொறிந்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தியது. எழுதி வைத்த ஞாபகம் இருந்ததே தவிர, எதில் என்று தெரியவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு ஒண்ணு ஏழு ஏழு ஒம்போது ரெண்டு," என்றாள் அக்கா பின்னாலிருந்து. "இருமல் மருந்து லேபிள் திருத்துறப்போ தாளோட ஓரத்துல எழுதியிருந்தீங்க. சம்பந்தமில்லாம இருக்கேன்னு அடிச்சுவிட்டேன்."

ரிப்பேர்காரர் தட்டினார். பெட்டகம் திறந்தது. அதற்கும் புது பாஸ்வேர்டையே வைத்துவிட்டு, மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு தடவை கேட்டது, நேராகத் திரை வந்தது. நாலு பேர் நிற்க அங்கே வேலையே இல்லை.

அக்கா தன் மேஜையில் போய் உட்கார்ந்தாள். நானும் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாக எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்றேன். எழுந்து ஓர் அறை விட்டாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தேன்.

"எதுக்குடி சொல்லல?"

"நீங்க அங்க வந்து நிக்கறது எனக்குப் பிடிச்சிருந்ததுக்கா."

அவள் கண் கலங்கியது. பைத்தியக்காரி என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முதலாளியிடம் போய் ஒரு மாசம் லீவு கேட்டாள். திரும்பி வருகிற எண்ணம் இருக்கிறவள் கேட்பது மாதிரி இல்லை அந்தக் குரல்.

முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார். "பாஸ்வேர்டு போடறதுக்கா உங்களை வெச்சிருக்கேன்? அன்னைக்கு அந்த இருமல் மருந்து லேபிள்ல ஒரு ஸ்பூனுக்குப் பத்து ஸ்பூன்னு இருந்ததை நீங்க பாக்கலன்னா எத்தனை குழந்தைங்க என்ன ஆயிருக்கும்? போயிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் லேபிள் வேலை ஒண்ணும் எடுக்கல."

சொன்னபடியே அன்றைக்கே மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டு, ஒரு மாசம் பொறுக்கச் சொன்னார். அவர்கள் வேறு இடத்துக்குப் போகிறோம் என்று மிரட்டியதும், போங்கள் என்று சொல்லி வைத்ததும் என் காதில் விழுந்தது. அக்கா காதிலும் விழுந்தது. மறுநாள் காலை வண்டியில் கிளம்பினாள்.

பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவள் நம்பரிலிருந்து போன். பேசியது மகள். பெண் குழந்தை பிறந்து இரண்டு நாளாகிறது, இரண்டு பேரும் சுகம் என்றாள். சந்தோஷத்தில் நான் போட்ட சத்தத்தில் மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். அம்மாவிடம் கொடு என்றேன்.

"அம்மாதான் போன் போடச் சொன்னாங்க. அதுக்குள்ள பாப்பா பக்கத்துலயே படுத்துத் தூங்கிட்டாங்க. பகல்ல அம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல," என்றாள். "எழுப்பட்டுமா?"

"எழுப்பின, அங்க வந்து உன்னை உதைப்பேன்," என்றேன். "தூங்கட்டும்."