நாலாவது மாடியில் ஒரே ஒருத்தி

தட்டச்சுக்காரியின் பத்து விரல்களும் ஒரு குரலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. காலடியில் உள்ள மிதியை அமுக்கினால் காதுக்குள் பேச்சு ஓடும். காலை எடுத்தால் நிற்கும். ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே எழுத்தாக்குவது வேலை; பதினெட்டு வருடமாகச் சமையலறை மேசைதான் அவளுக்கு ஆபீஸ். சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. இருமினால் இருமல் என்று போட வேண்டும், மௌனத்துக்கு நொடிக்கணக்கு எழுத வேண்டும் என்பதெல்லாம் தட்டச்சுக்காரி தானாக வகுத்துக்கொண்ட சட்டம்.

ஒலிப்பதிவு ஒரு சமூகவியல் பேராசிரியையுடையது. பெண், ஏழை, மட்டமாகப் பார்க்கப்படும் இனம் என்று மூன்று பாரத்தையும் ஒரே தலையில் சுமப்பவர்களைத் தேடிப்பிடித்துப் பேசவைத்திருந்தார். இன்றைய குரல், ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். லிஃப்டில் ஏறக் கூடாது, வாளியோடு பின்படிக்கட்டில்தான் போக வேண்டும் என்பது சூப்பர்வைசரின் உத்தரவாம்.

"ஏன் உங்கள மட்டும்? பொம்பளைங்கறதாலயா, கூலி வேலையாலயா, உங்க இனத்தாலயா?"

பேராசிரியையின் கேள்விக்குத் துடைப்பவள் சிரித்தாள். பதினோரு நொடி.

"அறை வாங்கினவ, எந்த விரல் பட்டுச்சுன்னு எண்ணிக்கிட்டா இருப்பா, மேடம்?"

மிதியிலிருந்து கால் எழுந்துவிட்டது. அந்தச் சிரிப்பைத் தட்டச்சுக்காரிக்குத் தெரியும். போன வருடம் ஆபரேஷன் முடிந்து, தான் அதே ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் கை தூக்க முடியாமல் கிடந்தபோது, மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து தலை பின்னிவிட்டவள். "சிக்கெடுக்க டாக்டரா வருவாரு?" என்று சிரித்தவள்.

தாளில் அவள் பெயரை மாற்றியாயிற்று. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பேராசிரியையின் ஆராய்ச்சி அறிக்கை ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் போகும். தாளை ஒருமுறை சூப்பர்வைசரின் கண்ணால் படித்துப் பார்த்தாள். உடனே பேராசிரியைக்குப் போன் போட்டாள்.

"மேடம், பேர மாத்தினா பத்தாது. அங்க பொம்பளைங்க நூத்துக்கணக்குல இருக்காங்க. துடைக்கறவங்க முப்பது பேர். அந்த இனத்துக்காரங்க பத்துப் பேர் இருப்பாங்க. மூணும் சேர்ந்தவ நாலாவது மாடியில ஒருத்திதான். வேல போயிரும்."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் எண்ணினாள். ஆறு நொடி.

"மூணும் சேர்ற எடத்தத்தான் பத்து வருஷமா தேடறேன். அங்க நிக்கறவ தனியாத் தெரிவாங்கறது எனக்கு உறைக்கலயேம்மா," என்றார் பேராசிரியை. "ஆனா மூணுல ஒண்ண எடுத்தாலும் ஆராய்ச்சியே இல்ல."

"மூணும் இருக்கட்டும் மேடம். ஆஸ்பத்திரின்னு வர்ற எடத்துல 'பெரிய கட்டடம்'னு இருக்கட்டும். மாடி வேண்டாம், படிக்கட்டு வேண்டாம். அவ பேச்சுல மட்டும் கை வைக்காதீங்க."

"நீங்களே செய்ங்க. அவங்க பார்த்துச் சரின்னாத்தான் வெளிய போகும்."

இரண்டு நாள் வரி வரியாகச் சலித்தாள். சனிக்கிழமை மூவரும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்த பஸ் நிழற்குடையில் உட்கார்ந்தார்கள். துடைப்பவள் உதடசைத்து மெதுவாகப் படித்தாள்.

"யாரு இவ? எனக்கே அடையாளம் தெரியலயே."

'சிரிப்பு, பதினோரு நொடி' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"ஓ, இவளா," என்றாள். பிறகு தட்டச்சுக்காரியை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க சிக்கு இப்ப எப்படிக்கா இருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் தாள்களை ஓரம் தட்டி அடுக்கி, தன் கையாலேயே பேராசிரியையிடம் நீட்டினாள்.