குப்பை லாரியில் ஏறிய ஸ்காட்லாந்துக் கூடை

"இன்னொரு கூடை எங்கே?" என்று அந்த அம்மா கேட்டபோதுதான், பெட்டி பிரிக்கிற எங்கள் செல்வம் செய்த காரியம் எங்களுக்குத் தெரிந்தது.

கண்காட்சிச் சாமான்களைப் பேக் செய்து அனுப்புவதும், வந்ததைப் பிரித்துக் கொடுப்பதும் ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் வேலை. நான் ஸ்டோர் சூப்பர்வைசர். அன்று வந்திருந்தவை ஸ்காட்லாந்துக் கூடைகள். கூடவே வந்தவர் ஐலா, அவற்றை முடைந்த பெண்மணி. மறுநாள் கண்காட்சி திறப்பு.

முக்கால்வாசிக் கூடைகள் வில்லோ என்கிற மரத்தின் மெல்லிய குச்சியில் பின்னியவை. அதில் ஒன்று மீன் கூடை. ஒரு காலத்தில் அங்கே மீனை அளந்து விற்க அரசாங்கம் சோதித்து முத்திரை போட்ட கூடைதான் செல்லுமாம். நான் கடற்கரைத் தொண்டிக்காரன். மீன் கூடையில் என்ன பெரிய சங்கதி இருக்கப் போகிறது என்று நின்றவன், குனிந்து முத்திரையைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

காணாமல் போனது கிஷி என்கிற வைக்கோல் கூடை. முதுகில் மாட்டிச் சுமப்பது. நசுங்காமல் இருக்க உள்ளேயும் சுற்றிலும் உதிரி வைக்கோலை அடைத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் தொழிலில் வைக்கோல் என்றால் பேக்கிங். பூச்சி பரவும் என்பதால் பெட்டியைத் திறந்ததும் கறுப்புப் பையில் அமுக்கிக் கட்டி வெளியேற்றிவிட வேண்டும். செல்வம் கூடையையும் சேர்த்து அமுக்கிவிட்டான். நான் திறந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

"வைக்கோலுக்குள்ள வைக்கோலு இருந்துச்சு பாய். அது சரக்குன்னு நான் எப்படிக் கண்டேன்?" என்றான். முகம் வெளிறிவிட்டது. போன மாதம்தான் அவன் கையில் ஒரு கண்ணாடிப் பெட்டி உடைந்து, இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் வேலையை விட்டு ஊருக்கு டிக்கெட்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். புதுக்கோட்டைப் பக்கம் அவன் கட்டுகிற வீடு பாதிச் சுவரோடு நின்றது.

அந்தப் பையை ஏற்றிய குப்பை லாரி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. "பாய், ருக்கோ! ருக்கோ!" என்று வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். என் உடம்புக்கு அது ஒரு வேடிக்கைதான். குப்பைக்காகவா இந்த ஓட்டம் என்று பெஷாவர்க்கார டிரைவர் இந்தியில் கேட்டுச் சிரித்தார். ஆனாலும் வண்டியை நிறுத்தி, பைமேல் கிடந்த உடைந்த பலகைகளைத் தூக்க அவரும் கை கொடுத்தார்.

கூடை கிடைத்தது. ஒரு பக்கம் சப்பையாகி, சில வரிகள் அறுந்திருந்தன.

ஐலா கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கூடையை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். ஏசியை நிறுத்தச் சொன்னார், தண்ணீர் கேட்டார். காய்ந்த வைக்கோல் முறியும், ஈரமானால் வளையும். உதிரி வைக்கோல் பையையும் கொண்டுவரச் சொல்லி, அதில் நீளமானவற்றைப் பொறுக்கி முறுக்கினார். செல்வத்தை எதிரே உட்காரவைத்து, பிரிந்த கொத்துகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஏன் வைக்கோல், மரம் இல்லையா என்று கேட்டேன். அவருடைய தீவில் காற்று அப்படி, மரம் நிற்பதே அபூர்வமாம். இது ஓட்ஸ் வைக்கோல். டப்பாவில் வாங்கிக் கஞ்சி காய்ச்சுகிற ஓட்ஸுக்கு வைக்கோல் உண்டென்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. இப்போது வருகிற பயிர் குட்டை என்பதால், பழைய ரகத்தை அவரே விதைத்து அரிவாளால் அறுக்கிறாராம். அங்கே ஈரநிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்தால் விறகு மாதிரி எரியுமாம்; அதை அடுப்புக்காகப் பெண்கள் இந்தக் கூடையில் சுமப்பார்களாம். பட்டை மார்புக்குக் குறுக்கே வருவதால் இரண்டு கையும் சும்மா இருக்கும். அந்தக் கையால் நடந்துகொண்டே கம்பளி பின்னுவார்களாம்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். சென்னைக்காரர்.

"யாரு பண்ணினது? பேரச் சொல்லுங்க பாய்."

"நான்தான் சார்," என்றான் செல்வம். எழுந்திருக்கப் பார்த்தவனை ஐலா கையமர்த்தினார். விஷயம் என்ன என்று என்னிடம் கேட்டார். இவன் வேலை போகப் போகிறது என்றேன்.

அவர் தலை நிமிராமலே ஆங்கிலத்தில் மேனேஜரிடம் சொன்னார்: "எங்க ஊர்லயும் கிஷி கிழிஞ்சா குப்பைமேட்டுலதான் போடுவாங்க. அதனாலதான் பழசு ஒண்ணும் மிஞ்சல. ஒரு கிஷிக்காக லாரி பின்னாடி ஓடினவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன். இவரை அனுப்பணும்னா நாளைக்கு அனுப்புங்க. இப்போ கைய எடுத்தா மொத்தமும் பிரிஞ்சிடும்."

மேனேஜர் செல்வத்தின் கையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "கலாஸ், போதும். முடிச்சுக் குடுத்துட்டு வா," என்று போய்விட்டார். மறுநாள் கூடை முழுதாக மேடையில் இருந்தது. டிக்கெட் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெட்டியைத் திறக்குமுன், எது சரக்கு எது பேக்கிங் என்று உரியவரிடம் கேளுங்கள். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை செல்வமும் நானும் கண்காட்சிக்குப் போனோம். அவன் கிஷிக்குப் பக்கத்தில் போனதும், தள்ளி நிற்கச் சொன்னார் காவலாளி. மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றான். பிறகு தனக்குத் தெரிந்த இந்தியில் அவரிடம் சொன்னான்: "பாய், இத நல்லாப் பாத்துக்கங்க. வைக்கோலுதானேன்னு யாராச்சும் குப்பையில போட்டுருவாங்க."