ரெண்டு ஜன்னல் போதும்

அலுவலகத்தில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. டேப்லெட் திரையில் ஒன்று நகரும்போது அது சீராக நகர்கிறதா, நடுவில் எங்காவது திக்குகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கண்ணை அகலத் திறந்து பார்த்தால் படம்தான் தெரியும். பாதி மூடிக்கொண்டால் அசைவு மட்டும் தெரியும். ஆகவே வேலை மும்முரமாக நடக்கிற நேரத்தில்தான் அவள் சுகமாகத் தூங்குவதுபோல இருப்பாள். வாசலில் எட்டிப் பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. உண்மையிலேயே சில சமயம் தூங்கியும் இருக்கிறாள்.

அவளுடைய அறை மாடியின் கோடியில் இருந்தது. வெளிச்சம் திரைகளில் பட்டுக் கண் கூசக்கூடாது என்று பச்சைத் திரைச்சீலையை எப்போதும் இழுத்து விட்டிருப்பாள். சுவர் நெடுக இரும்பு அலமாரி. டேப்லெட் தயாரிக்கும் அந்த நிறுவனம் விற்று முடித்த பழைய டேப்லெட்டுகளெல்லாம் அதில் சார்ஜர் ஒயரைக் கவ்விக்கொண்டு வரிசையாக நிற்கும். புதிய மென்பொருள் எது வந்தாலும் கடைசியில் இந்த அறைக்கு வரும். பழையவை அதைத் தாங்குமா என்று அவள் சொல்ல வேண்டும். மத்தியானத்தில் திரைச்சீலையின் பச்சை அறைக்குள் இறங்கி நிரம்பும்போது, குளத்துக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றும்.

அந்த வருஷம் வந்தது மிதக்கும் ஜன்னல். ஒரே திரையில் நாலு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, விரலால் தள்ளி விளையாடலாம். புதிய டேப்லெட்டில் தொட்டதும் சட்டென்று போய் நின்றது. பழையதில் அவள் தள்ளிய ஜன்னல் தயங்கியது. பிறகு மெதுவாகக் கிளம்பியது. அதன் நிழல் அதற்குப் பின்னால், தனக்கென்ன அவசரம் என்பதுபோல வந்தது. ஓரத்தை அடைந்த பிறகும் நிற்க மனமில்லாமல் லேசாக ஆடியது. அவள் மறுபடி தள்ளினாள். மறுபடி. தண்ணீரில் விட்ட இலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேநீர் ஆறிப்போனது தெரியவில்லை.

"அக்கா, தூங்கிட்டீங்களா?"

வாசலில் பொறியாளன் நின்றிருந்தான். அவளைவிட வயதில் சின்னவன். அந்த ஜன்னல் வழுக்கிக்கொண்டு போகிற விதத்தைச் சோறு தண்ணி மறந்து செய்தவன் அவன்தான்.

"இல்லப்பா. இது நீந்துது, பாரேன்."

அவன் குனிந்து பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. "இது நீந்தலக்கா, மூச்சு வாங்குது. இப்படி வெளிய போனா என் மானமே போயிடும். புது டேப்லெட்டுக்கு மட்டும் குடுத்துடலாம். அரைகுறையா குடுக்கிறதுக்குக் குடுக்காமலே இருக்கலாம்."

அன்று மாலை வீட்டில் அவள் இதைக் கணவரிடம் சொன்னாள். அவர் நாடக அரங்குக்குப் பின்திரை வரைகிறவர். பெரும்பாலும் வானம். வீட்டில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஏதாவது ஒரு வானம் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். குனிந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும். பெரிய துணியில் இறங்குமுன் அவர் சின்னதாக வரைந்து பார்ப்பது கல்யாணமான புதிதில் வாங்கிய டேப்லெட்டில். ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது.

"மேகத்தோட போட்டோவை ஒரு பக்கம் வச்சுக்கிட்டு இன்னொரு பக்கம் வரையலாமா?" என்று கேட்டார். இப்போது அவர் போட்டோவைப் பார்த்து, மூடி, நினைவில் இருக்கும்போதே அவசரமாக வரைந்துகொண்டிருந்தார்.

"வரையலாம்."

"என்னோடதுக்கு வருமா?"

"தெரியல. வராதுன்னு நினைக்கிறேன்."

"ஆக, புதுசு வாங்குன்னு சொல்றீங்க உங்க ஆளுங்க."

"அதுக்காக இல்லைங்க. பழசுக்கு மெமரி பத்தாது, சூடாகும்." அவள் சற்று யோசித்தாள். "கொஞ்சம் அதுக்காகவும்தான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். விரலிலிருந்த நீலம் மீசையில் ஒட்டிக்கொண்டது.

சோதனை செய்யும்போது எதையாவது தட்டச்சு செய்தாக வேண்டும். மற்றவர்கள் கண்டபடி எழுத்துகளைத் தட்டுவார்கள். அவள் முந்தின ராத்திரி கண்ட கனவை எழுதுவாள். யாரும் படிப்பதில்லை, வேலை முடிந்ததும் அழித்துவிடுவாள். மறுநாள் காலை அவளிடம் ஒரு நல்ல கனவு இருந்தது. அதில் அம்மா இருந்தாள். இறந்து எவ்வளவோ காலமாகிவிட்ட அம்மா, கனவில் ஏதோ ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து அவளிடம் ஒன்று சொன்னாள். சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டுமென்று அவள் வேகமாக அடித்தாள். பிறகு வழக்கம்போல இரண்டாவது ஜன்னலைத் திறந்தாள். மூன்றாவது. நாலாவதைத் திறந்து, திரும்ப முதல் ஜன்னலைத் தொட்டாள்.

வெள்ளையாக இருந்தது. நாலாவதற்கு இடம் கொடுக்க, பழைய டேப்லெட் சத்தமில்லாமல் முதலாவதைக் கீழே போட்டுவிட்டது.

அவள் கண்ணை மூடி அம்மா சொன்னதைத் தேடினாள். மாடிப்படி கிடைத்தது. புடவையின் நிறம்கூடக் கிடைத்தது. வார்த்தை கிடைக்கவில்லை. அன்று முழுக்க அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்கள் வழக்கம்போல பாதி மூடியிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதை முடிவு செய்யும் கூட்டம் நடந்த அன்று, அவள் பழசுகளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு வருவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பிரிவின் தலைவி அவளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. குடுக்கலாமா, வேண்டாமா?" என்றார்.

"நாலு ஜன்னல் வேண்டாம் மேடம். எழுதினதை முழுங்கிடுது. மெதுவா இருந்தா ஜனங்க பொறுத்துப்பாங்க. தொலைச்சா பொறுக்க மாட்டாங்க." பொறியாளன் நிம்மதியாகச் சாய்ந்தான். அவள் நிறுத்தவில்லை. "ஆனா ரெண்டு தாங்கும். நிழல் வேண்டாம், வழுக்கல் வேண்டாம். பக்கத்துல பக்கத்துல ரெண்டு. அது போதும்."

"அதுக்குப் பேரு மிதக்கும் ஜன்னல் இல்லக்கா," என்றான் அவன். "அது வெறும் ஜன்னல். நான் செஞ்சது இல்ல அது."

தலைவி இரண்டு பேரையும் பார்த்தார். தேதி நெருங்கிவிட்டது, ரெண்டு விதமாகச் செய்ய ஆள் இல்லை, இந்த வருஷம் புதியதற்கு மட்டும் என்று முடித்துவிட்டார்.

"சரிங்க மேடம். ஆனா ஏன்னு சொல்லிடுங்க. இது தாங்காது, எழுதினது போயிடும்னு வெளிப்படையா சொல்லுங்க."

சொல்லவில்லை. சிறந்த அனுபவத்துக்காகப் புதிய டேப்லெட்டுகளில் மட்டும் என்று பளபளப்பாக அறிவிப்பு வந்தது. வசவுகள் குவிந்தன. நல்லா ஓடுற என் டேப்லெட்டை உயிரோட இருக்கும்போதே பாடையில ஏத்துறீங்களா என்று ஒருவர் எழுதியிருந்தார். அரங்கில் மேடை கட்டும் தச்சர் கணவரைக் கிண்டல் செய்தாராம்: "பொண்டாட்டி கம்பெனியிலயே உனக்கு இல்லையா?" வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அவரே சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. அவர் போட்டோவைப் பார்த்து, மூடி, அவசர அவசரமாக வரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் பொறியாளன் அவள் அறைக்கு வந்தான். வந்த வசவுகளையெல்லாம் உட்கார்ந்து படித்திருந்தான். கண்ணுக்கடியில் கருப்பு விழுந்திருந்தது.

"எப்படிக்கா பாக்குறீங்க? சொல்லுங்க."

"கண்ணைப் பாதி மூடு. ஜன்னலைப் பாக்காத, போறதைப் பாரு."

அவன் மூடிக்கொண்டு தள்ளினான். அந்தப் பச்சை வெளிச்சத்தில் ஜன்னல் மெல்லக் கிளம்பி, நிழலை இழுத்துக்கொண்டு, ஓரத்துக்குப் போய் ஆடி நின்றது.

"அழகாத்தான் இருக்கு," என்றான் முணுமுணுப்பாக. "ஆனா விரல் ஒரு இடத்துல, அது ஒரு இடத்துல. பொழுதன்னைக்கும் இதுல வேலை பாக்குறவங்களுக்குக் கிறுகிறுத்துடும்க்கா."

அது நிஜம்தான். அவளுக்குமே சில நாள் தலை சுற்றியிருந்தது. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அன்றே நிழலை எடுத்தான். அடுத்த வாரங்களில் வழுக்கலையும் எடுத்தான். பிள்ளைக்கு மொட்டை போடுகிறவன்போல ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு ஜன்னலுக்குமேல் திறக்காதபடி பூட்டினான். அவள் கனவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் காணாமல் போகவில்லை. தலைவியிடம் இருவரும் சேர்ந்து போய் நின்றபோது அவர், "நீங்க ரெண்டு பேரும் எப்போ கூட்டுச் சேர்ந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த அப்டேட்டில் பழைய டேப்லெட்டுகளுக்கு இரண்டு ஜன்னல் போனது. எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. சிலருக்கு டேப்லெட் சூடானது. ரொம்பப் பழைய ஒரு மாடலில் பேட்டரி மளமளவென்று இறங்கி, அந்த மாடலுக்கு மட்டும் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதற்கு அவளே கையெழுத்துப் போட்டாள். அது தாங்கும் என்று சொன்னவள் அவள்தான்.

கணவருடையதில் ஒழுங்காக ஓடியது. இடப்பக்கம் மேகத்தின் போட்டோ, வலப்பக்கம் அவருடைய மேகம். கொஞ்ச நாள் சந்தோஷமாக வரைந்தார். ஒரு நாள், "பாத்துப் பாத்து வரைஞ்சா போட்டோ மாதிரியே வந்துடுது," என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் கட்டடம் வரையும்போது அதைத்தான் வைத்துக்கொள்வார். தூண்களை நினைவில் வைத்துக்கொள்ள அவரால் ஆகாது.

மெதுவாக நீந்திய அந்த முதல் மென்பொருள் அலமாரியில் ஒரே ஒரு டேப்லெட்டில் மிச்சம் இருந்தது. அதை அழிக்க வேண்டிய நாளில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு நாலு ஜன்னலையும் திறந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். அவை ஒன்றையொன்று உரசாமல், யாருக்கோ வழிவிடுவதுபோல விலகி விலகிப் போயின. பிறகு அழித்தாள்.

இரண்டு வருஷம் போனது. ஒரு காலையில் பொறியாளன் மார்போடு எதையோ அணைத்துக்கொண்டு வந்தான். மிதக்கும் ஜன்னல் எதற்கு மட்டும் என்று சொன்னார்களோ, அன்று புதிதாயிருந்த அந்த டேப்லெட். கடைகளில் அதன் விற்பனை நின்றுவிட்டது.

"உங்ககிட்ட வந்துருச்சுக்கா," என்றான்.

அவள் அலமாரியில் இடம் ஒதுக்கினாள். அவன் ஒயரைச் செருகினான். சார்ஜ் ஏறும் விளக்கு எரியும்வரை இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.