வாய்க்காலை மூடப்போய்: ஷெப்பர்ட்டன் முதல் எச்சூக்கா வரை சைக்கிளில்

போன மாதம் குவேக்கர்ஸ் ஹில்லில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே விருந்துக்கு வந்த ஓர் இளம் தம்பதி, பிரான்சில் வாய்க்கால் கரையோரமாகச் சைக்கிள் ஓடிய படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார்கள். மரநிழல், படகு, பூச்சாடி வைத்த சின்னச் சின்ன வீடுகள். அழகுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைசியில் அந்தப் பெண்பிள்ளை, "இப்பிடி வாய்க்கால் கரையிலை ஓட வேறை எங்கையும் ஏலாது அங்கிள்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே அவுஸ்திரேலியாவில், வடக்கு விக்டோரியா முழுக்க வாய்க்கால் ஓடுகிறது. அதை ஒருநாள் எட்டிப் பார்க்காதவர்கள், விமானம் ஏறிப் போய் வேறொருவன் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்கிறார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுபத்தாறு வயதில், கிரான்பர்னில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்த் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் கற்றவன் நான். ஒரு பத்திக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும். 'வாய்க்கால்' என்ற சொல்லை முழுதாக எழுதி முடித்து, அதை நானே ஒருமுறை வாசிக்கும்போது வருகிற சந்தோஷம் எந்தச் சுற்றுலாவிலும் கிடைக்காது.

நான் சொல்லும் பயணம் எழுபதுகளின் நடுவில், ஓர் ஈஸ்டர் விடுமுறையில் நடந்தது. அப்போது மெல்பேர்னில் ஒரு டயர்த் தொழிற்சாலையில் வேலை. கிளிநொச்சியில் வயல் வேலை, பிறகு கப்பலில் சமையல் வேலை என்று வந்து சேர்ந்தவன். கூட வந்தவர் வைத்தி. கும்பகோணத்துக்காரர், அதே தொழிற்சாலையில் படம் வரைகிற பிரிவில் இருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். தமிழ் பேச அங்கே எனக்கு அவர், அவருக்கு நான்.

சைக்கிள்களை ரயிலில் ஏற்றி ஷெப்பர்ட்டன் போனோம். நூற்றெண்பது கிலோமீற்றர், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. எனக்கு என்ன கட்டணம் என்பது மறந்துவிட்டது. சைக்கிளுக்குத் தனியாக ஐம்பது சதம் வாங்கியது மறக்கவில்லை. சைக்கிள் என்ன, இருக்கையிலா உட்கார்ந்து வந்தது?

முதல் நாள் ஷெப்பர்ட்டனிலிருந்து கையாப்ரம் வரை, ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். கோல்பர்ன் ஆற்றைக் கொஞ்சத் தூரம் பார்த்துக்கொண்டு, பிறகு வாய்க்கால் கரைக்கு ஏறினோம். மேடே இல்லாத பூமி. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பீச், பேரி மரங்கள். வழியெல்லாம் எனக்கும் வைத்திக்கும் சொல்லுக்குச் சொல் சண்டை. நான் துருசு என்றால் அவர் மதகு என்பார். நான் வரம்பு என்றால் அவர் வரப்பு என்பார். "காவிரித் தண்ணி குடிச்சவன்கிட்ட வந்து இதைச் சொல்றீங்களேண்ணே" என்று ஒவ்வொரு தடவையும் காவிரியை இழுப்பார். எங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரும் தண்ணீர்தான் என்று நானும் விடமாட்டேன். இரவு விடுதியில் தங்கினோம். படுக்கை இரண்டும் இரும்பு. காலைச் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

இரண்டாம் நாள் காலை டொங்காலா பக்கமாகப் புறப்பட்டோம். மழை கண்டு கனகாலமான பருவம், வெட்டவெளியெல்லாம் சாம்பல் நிறம். பதினொரு மணியிருக்கும். வாய்க்கால் கரையில் ஓரிடத்தில் தண்ணீர் பீறிட்டு வெளியே ஓடுவதைக் கண்டேன். ஓடிப் போய் வயலிலோ தோட்டத்திலோ விழவில்லை. வெறும் புல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல், அதில் கணுக்கால் தண்ணீர்.

"ஐசே, அங்கை பாரும், உடைப்பு!" என்றேன். நான் சொல்லி முடிக்க முன்னமே வைத்தியும் அதையே சொல்லிக்கொண்டு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டு நாள் சண்டை பிடித்த இருவருக்கும் அந்தச் சொல் மட்டும் ஒன்றாக இருந்தது. கிளிநொச்சியிலும் சரி, கும்பகோணத்திலும் சரி, உடைப்பைக் கண்டும் காணாமல் போகிறவனை மனிதன் என்று சொல்லமாட்டார்கள். கிட்டப் போனால் சீமெந்துச் சட்டத்துக்குள் ஒரு பலகைக் கதவு மேலே தூக்கி நின்றது. யாரோ பொறுப்பில்லாதவன் மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பேசிக்கொண்டே, இருவருமாக அதை அமுக்கி இறக்கி, கசிவுக்கு மண்ணும் அப்பினோம். பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. தெரிந்த வைத்தி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டு, பிளாஸ்க்கில் கொண்டுவந்த பால் தேத்தண்ணியையும் குடித்து முடித்தோம். உடனே போகவில்லை. காணிக்காரர் வந்தால் சேதியைச் சொல்லிவிட்டுப் போவோம், சூடாக இன்னுமொரு தேத்தண்ணியாவது கிடைக்கும் என்று காத்திருந்தோம்.

ஒன்றரை மணிக்கு அவர் ஒரு சின்ன டிரக்கில் வந்தார். நெடிய மனிதர், தொப்பிக்குக் கீழே கழுத்துச் சிவந்து கிடந்தது. மூடியிருந்த கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வைத்தி சிரித்துக்கொண்டே எழுந்து நடந்ததை ஆங்கிலத்தில் விளக்கினார். விளக்க விளக்க அந்த மனிதரின் கழுத்து மட்டுமல்ல, முகமும் சிவந்தது. வைத்தியின் சிரிப்பு நின்றுவிட்டது.

அது உடைப்பு இல்லையாம். அவருடைய முறைத் தண்ணீராம். நாள் கணக்காகக் காத்திருந்து கிடைத்த முறை, அன்று பின்னேரம் நான்கு மணியோடு முடிகிறதாம். கீழ்க்காணிக்காரன்தான் தன் பக்கம் தண்ணீர் கூடப் போக எங்களை ஏவிவிட்டான் என்று அவர் முடிவே செய்துவிட்டார். எங்கள் சைக்கிள்கள் இரண்டையும் தூக்கி டிரக்கில் போட்டார். பொலிஸ் என்று அவர் சொன்னதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இந்த நாட்டில் தொடர்ந்து இருக்க நான் போட்ட விண்ணப்பம் அந்த மாதம்தான் குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. தண்ணீர்க் களவு என்று ஒரு பொலிஸ் முறைப்பாடு போனால் என் கதை முடிந்தது. வைத்தியும் அதை அறிவார். அவர் குரலைத் தாழ்த்தி அந்த மனிதரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பயந்துபோய் நின்றேனே தவிர, எனக்குள் ஒன்று அடங்கவில்லை. வைத்தியிடம், "ஏன் புல்லுக்குத் தண்ணி விடுறியள் எண்டு ஒருக்காக் கேளும்" என்றேன்.

"சும்மா இருங்கண்ணே. நாடு கடத்திருவாங்க."

அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தது. நானே இரண்டு அடி முன்னால் போய், எனக்குத் தெரிந்த மூன்று சொல்லில் கேட்டேன். "வை வாட்டர் கிராஸ்?"

அந்த மனிதர் திரும்பி என்னைப் பார்த்தார். கீழ்க்காணிக்காரன் ஏவிவிட்ட ஆள் இப்படி ஒரு கேள்வி கேட்கமாட்டான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். தூரத்தில் வேலியோரம் நின்ற மாடுகளைக் கையால் காட்டினார். பிறகு எங்கள் பிளாஸ்க்கைக் காட்டி, மாடு புல்லைத் தின்கிறது, நீ அதன் பாலைத் தேநீரில் விட்டுக் குடிக்கிறாய் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். விளங்கியது. ஆனால் இன்றுவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போடலாம். பிண்ணாக்கு வைக்கலாம். நெல் விளையக்கூடிய தண்ணீரைக் கொண்டுபோய்ப் புல்லில் விடுவதை என்ன கணக்கில் சேர்ப்பது?

அவர் கதவைத் தூக்கினார். டிரக்கிலிருந்து இரண்டு மண்வெட்டிகளை எடுத்து எங்கள் கையில் தந்தார். நான்கு மணிவரை நின்று தண்ணீரைக் கடைசிவரை கொண்டுபோகச் சொல்கிறார் என்று வைத்தி சொன்னார். பொலிஸ் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். வரம்பில் இருந்த எலி வளைகளால் தண்ணீர் வீணாகப் போனது. ஒவ்வொரு வளையையும் அடைக்க முன் வைத்தி, "இதையாவது மூடலாமா, கேட்டுட்டு வரட்டுமாண்ணே?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் ஒரு முழம் நகரும், நான் டிரக்கில் கிடந்த சைக்கிளைப் பார்ப்பேன்.

நான்கு மணிக்குக் கடைசித் துண்டு இன்னும் காய்ந்தே கிடந்தது. அவர் மணிக்கூட்டைப் பார்த்து, கதவைக் காட்டி, நீயே மூடு என்று எனக்குச் சைகை செய்தார். மூடினேன். ஏறச் சொன்னார், ஏறினோம். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. வண்டி இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடியது. எச்சூக்காவுக்குள் நுழைந்ததும் ஒரு கட்டடத்தின் முன் வண்டி மெதுவானது. அது பொலிஸ் நிலையம் என்று வைத்தி என் காதில் சொன்னார். வண்டி அதைத் தாண்டித் திரும்பி, மரி ஆற்றின் கரையில் போய் நின்றது. அவர் இறங்கி எங்கள் சைக்கிள்களை இறக்கி வைத்தார். பெரிய சிவப்பு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே அகன்று போகும் ஆற்றைக் கை நீட்டிக் காட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

"இது ஆறு, இதை உங்களால மூட முடியாதுங்கறாரு."

என் விண்ணப்பத்துக்கு அந்த ஆண்டே அனுமதி வந்தது. அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லவில்லை, சொல்ல அவர் நிற்கவுமில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: ஏப்ரல் நல்ல மாதம், வெயில் கடிக்காது. கரைப்பாதை எல்லா இடத்திலும் பொதுப்பாதை அல்ல, கேட்டுவிட்டு ஏறுங்கள். முள் அதிகம், டியூப் இரண்டு கூடக் கொண்டுபோங்கள். மழைக்குப் பிறகு போகாதீர்கள், களிமண் சக்கரத்தை விடாது. முதல் நாள் நாற்பது, இரண்டாம் நாள் நாற்பத்தைந்து கிலோமீற்றர், எங்களைப்போல் டிரக்கில் ஏறாவிட்டால். எந்தக் கதவையும் தொடாதீர்கள். இப்போது உங்களுக்கு வாசிக்கத் தெரியும், எனக்கும் தெரியும்.

எச்சூக்காவோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். மறுநாள் நாங்கள் ஆற்றோடு மேற்கே முப்பது கிலோமீற்றர் ஓடி டொரம்பரிக்குப் போனோம். அங்கே கரையிலிருந்து கரைவரை ஓர் அணை. மரி ஆறு முழுவதையும் மறித்துக் கதவு போட்டு, தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். நான் சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். ஒரு சாண் பலகையை இறக்கினதற்கு என்னை நாடு கடத்தப் பார்த்தார்கள். இவர்கள் ஆற்றையே மூடி வைத்துவிட்டுச் சட்டமாக நிற்கிறார்கள்.

"வைத்தி, அந்த மனிசன் பொய் சொல்லிப்போட்டுப் போட்டான்" என்றேன்.